ஜீரோ வாட்ஸ்

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு அறையைவிட்டு நிதானமாக வெளியே வந்ததில்லை. ஒரு கால் வாசல்படியைத் தாண்டும்போதே பின்னால் 'டக்'கென்று சுவிட்ச் சத்தம் கேட்கும். சில நாள் ஆள் உள்ளே இருக்கும்போதே கேட்கும். தலை நிறைய சோப்பு நுரையோடு இருட்டில் நின்று, "அப்பா, நான் உள்ள இருக்கேன்!" என்று குளியலறையிலிருந்து கத்தாதவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. "குளிக்கிறதுக்கு எதுக்குடா வெளிச்சம்? உன் முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்பார்.

அவர் போய் நாலு வருஷம் கழித்து, 2023 மே மாதம், கத்திரி வெயிலோடு கரண்ட் பில்லும் வந்தது. 512 யூனிட். 2,046 ரூபாய்.

ஏ.சி. போட்டோம், வந்திருக்கிறது என்று நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மனைவிதான் மளிகைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.

"என்னங்க, 500-ல நின்னிருந்தா 1,725-தான். பன்னிரண்டு யூனிட்டுக்கு 321 ரூபாய் அழுதிருக்கோம்."

விஷயம் இதுதான். அப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்து அன்றைக்கு அமலில் இருந்த கட்டணப்படி, 500-க்குள் அடங்கி நடந்தால் அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 501-ஐத் தொட்டீர்களோ, அந்த 2.25 சலுகை பறிபோய் அந்த நூறும் 4.50 ஆகிவிடும். அதில் 225 ரூபாய் போச்சு. 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய் தனி. ஆக, அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்டவனிடம், முதலில் வைத்த ஜாங்கிரியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போவதைப் போல.

பன்னிரண்டு யூனிட்டைத் தின்றது யார்? ஏ.சி.யைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அது உழைத்துச் சாப்பிடுகிற ஜாதி. ஓடும்போது சத்தம் கேட்கும். நான் தேடியது சத்தமில்லாமல் தின்கிறவனை.

மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருக்குமே, அது சும்மா அழகுக்கில்லை. யூனிட்டுக்கு 3200 தடவை என்று எங்கள் மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். ஃபிரிட்ஜையும்தான். "மாவு புளிச்சுப் போகட்டும், உனக்கென்ன!" என்றாள் அம்மா. மாடிப்படிக்குக் கீழே செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தவர், நான் மீட்டரை விழித்துப் பார்ப்பதைக் கண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்து போனார்.

எல்லாம் அணைந்த வீட்டில் 45 விநாடிக்கு ஒருமுறை பொட்டு மினுக்கியது. மணிக்கு 80 மினுக்கு. கணக்குப் போட்டால் 25 வாட்.

முதல் திருடன் செட் டாப் பாக்ஸ். டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். பெட்டி பாட்டுக்கு விழித்திருக்கிறது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் வீட்டுப் பூனை ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் அதன்மேல் ஏன் படுக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி மாடிப்படி. இப்போது 75 விநாடிக்கு ஒரு மினுக்கு. இன்னும் 15 வாட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அறை அறையாகத் தேடினோம். செல்போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தாயிற்று. கடைசியில் ஹாலில் நிமிர்ந்து பார்த்தேன். சந்தன மாலை போட்ட அப்பா போட்டோ. அதன்மேல் சிவப்பாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, நாலு வருஷமாக ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கிறது. அதை விளக்கு என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. அது அப்பாவோடு சேர்ந்தது.

பெயர்தான் ஜீரோ. பழைய இழை பல்பு அது. 15 வாட் இழுக்கும். அந்தக் காலத்துச் சக்கர மீட்டருக்கு இந்தச் சின்ன இழுப்பெல்லாம் உறைக்காது, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள் எலக்ட்ரீஷியன்கள். இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். 512-இலிருந்து கழித்துப் பார்த்தேன். 490.4.

மெதுவாக ஸ்டூலை நகர்த்தினேன்.

"அதுல கை வைக்காத" என்றாள் அம்மா.

"அம்மா, அப்பா மட்டும் இருந்தா..."

"இருந்தா முதல் வேலையா அதைத்தான் அணைச்சிருப்பார். நாற்பது வருஷம் என்னை இருட்டுல உட்கார வெச்ச மனுஷன். கொஞ்ச நாள் வெளிச்சத்துல இருக்கட்டும்."

மறுநாள் சிவப்பு எல்.ஈ.டி. பல்பு ஒன்று வாங்கிவந்து, அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மாற்றினேன். திரும்பி வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது எவ்வளவுடா இழுக்கும்?"

"அரை வாட்மா."

போட்டோ பக்கம் திரும்பி, "கேட்டுக்குங்க" என்றாள்.