மருந்து மாமா

இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல: 1,891 மீற்றர். இறங்குகிறவர்கள் மூடுபனிக்குள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நாலு பாத்தி லீக்ஸுக்கும் இரண்டு பாத்தி கோவாவுக்கும் நடுவில் ஒருவர் குனிந்து நிற்பார். அவர்தான் மருந்து மாமா. அம்பேவெல, நானுஓயா, கந்தப்பளை என்று எங்கே போனாலும் லயத்துக்கு ஒருவர் உண்டு.

முப்பது வருஷம் கங்காணியாக ஆள் விரட்டியவர். சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபின் விரட்ட ஆளில்லை. புழு பூச்சியைப் பிடித்துக்கொண்டார்.

எதற்கும் அவரிடம் மருந்து உண்டு. அடுப்புச் சாம்பல், சவர்க்காரத் தண்ணீர், புகையிலை ஊறல். இந்தக் குளிருக்கு வேம்பு வளராது. அதனால் மட்டக்களப்புச் சொந்தக்காரரிடம் சொல்லி வேப்பங்கொட்டை வரவழைத்தார். நத்தைக்குச் சிரட்டையில் பியர் ஊற்றி வைத்தால் குடிக்க வந்து விழுந்து சாகும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தார். காலையில் சிரட்டை காலி, நத்தை ஒன்றுகூட இல்லை. மாமாவின் சந்தேகம் மச்சான்மேல்.

அவருடைய பரம எதிரி கோவாப் புழு. விரல் நகத்தளவு பச்சைப் புழு. தொட்டால் துள்ளிப் பின்னால் போய், நூல் விட்டு இலைக்குக் கீழே ஊஞ்சலாடும். ஆள் நகர்ந்ததும் அதே நூலைப் பிடித்து மேலே ஏறிவிடும். வளர்ந்து அந்துப்பூச்சியானால் முதுகில் வைரக் கட்டம் தெரியும். லேசுப்பட்ட ஜென்மம் அல்ல. 1953இலேயே ஜாவாவில் டி.டி.டி.க்கு அடங்காது போன பூச்சி இது. பயிர்ப் பூச்சிகளில் அப்படிப் பெயரெடுத்த முதல் ஆள். மாமாவின் புகையிலைத் தண்ணீர் அதற்கு எம்மாத்திரம்!

பெரிய விருந்தாளிகள் ஹோட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இரவில் வருவார்கள்: மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி. 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட வந்த சாமுவேல் பேக்கர், மரையை 'எல்க்' என்று எழுதிவைத்து, நாய்களை விட்டு வேட்டையாடினார். மாமாவிடம் நாயும் இல்லை, மரையைத் தொடச் சட்டமும் விடாது. பழைய கோட்டும் தொப்பியும் மாட்டி ஒரு பொம்மை நட்டார். முதல் நாள் மூடுபனியில் அதைத் துரை என்று நினைத்துக் கணக்கப்பிள்ளை சலாம் போட்டுவிட்டுப் போனார். பன்றி மட்டும் ஏமாறவில்லை. பொம்மையின் காலடியிலேயே கிழங்கைக் கிண்டித் தின்றது.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாக நிறுத்தியபோது மாமாவுக்குப் பொற்காலம். ஊர் முழுக்க யோசனை கேட்டு வந்தது. நவம்பரில் தடை நீங்கியதும் வந்த கூட்டம் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு பஞ்சத்தில், வீட்டுத்தோட்டம் போடட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். "நமக்கு எவன் லீவு குடுத்தான்?" என்று மாமா கேட்டார். அவர் ஓய்வுபெற்றவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்கவேண்டியவர் அத்தைதான், இன்றும் கூலிக்கு லீக்ஸ் பிடுங்கப் போகிறவர்.

2025 மார்ச் 15 சனிக்கிழமை நாடு முழுக்கப் பயிரழிக்கும் பிராணிகளைக் கணக்கெடுத்தார்கள். காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிஷம். குரங்கு எத்தனை, மயில் எத்தனை? மாமா கம்பளித் தொப்பியோடு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பாத்தியோரம் நின்றார்.

"இந்தக் குளிருக்கு மயிலு வந்தா, நானே கம்பளி போத்தி விடுறேன்" என்றார் பக்கத்து வீட்டுப் பையனிடம்.

"பன்னி, மாமா?"

"அது ராத்திரி சிப்ட்டுடா. எட்டு மணிக்கெல்லாம் தூங்கப் போயிருக்கும்."

ஐந்து நிமிஷம் முடிந்தது. தாளில் எல்லாம் பூச்சியம்.

அத்தை அதற்குள் கோவாப் பாத்தியை ஒரு சுற்று முடித்திருந்தார். மருந்து கிருந்து ஒன்றுமில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், ஒரு பால்மா டின். தினமும் வேலைக்குப் போகுமுன் நடக்கிற காரியம். அன்று காலை டின்னில் அறுபத்திமூன்று புழு. அவர் அதைத் தாளில் எழுதச் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.