புஷ் மிராசுதார்

டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். பாபநாசத்தில் இருப்பார், நீடாமங்கலத்தில் இருப்பார், மன்னார்குடியில் தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் வியப்பில்லை. நிலத்தில் பாதி கைமாறியிருக்கும். வாசலில் அம்பாசிடர் மட்டும் முழுசாக நிற்கும். 2014இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாரா ஆலையில் அந்த வண்டியைச் செய்வதை நிறுத்தியபோது, ஒரு காலம் முடிந்தது என்று பத்திரிகைகள் வருத்தப்பட்டன. இவருக்கு அன்றுதான் உத்தியோகம் கிடைத்தது.

"இனிமே பார்ட்ஸ் வராது. நாமளேதான் பண்ணிக்கணும்."

பார்ட்ஸ் இன்றைக்கும் வருகிறது. பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கின் கண்ணில் உட்காரும் ரப்பர் புஷ் வேண்டும் என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். இவர் அதை நகத்தால் கீறி, மூக்கருகே வைத்து முகர்ந்து, "டூப்ளிகேட்" என்று திருப்பித் தந்துவிடுவார். ஒரிஜினல் என்பது அவர் வீட்டுத் திண்ணையில் தயாராவது.

அதற்கு ரப்பர் தருவது ரைஸ் மில். உமி உரிக்கும் இயந்திரத்தில் இரண்டு ரப்பர் ரோலர்கள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழலும். நடுவில் விழும் நெல், தோலை விட்டுவிட்டு வெளியே வரும். தேய்ந்த ரோலர் இவருக்கு ஆகாது, தடிமன் போதாது. தேய்வதற்கு முன்பே பிய்ந்துபோன ரோலர் வேண்டும். மில் வைத்திருக்கும் மைத்துனருக்கு ரோலர் பிய்ந்தால் நஷ்டம், இவருக்குத் தீபாவளி.

ரப்பரைக் கடைவது லேசான வேலையில்லை. வெட்டும் உளியைக் கண்டதும் நெளிந்து ஒதுங்கிவிடும். உறையவைத்தால் விறைத்து நிற்கும் என்பது அவர் கண்ட வழி, சரியான வழியும்கூட. ஆனால் உறையவைக்க வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃப்ரீசர்.

"ஏங்க, வெண்ணெய்னு நெனச்சு வாணலியில போட்டுட்டேங்க!"

அந்த அம்மாள் மேல் தப்பில்லை. அரிசியில் கறை ஒட்டாமலிருக்க வெள்ளை ரப்பரில் ரோலர் செய்வதுண்டு.

மீந்த துண்டை ஐஸ் நிரப்பிய டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓடுவார். அங்கே போர் மோட்டார் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்.

"தம்பி, உருகறதுக்குள்ள கடைஞ்சு குடுத்துடு."

"ஐயா, ரப்பர் உருகாதுங்கய்யா."

"ஐஸ் உருகும்ல?"

கடைந்து வந்ததை மாட்டும்போது சோப்புத் தண்ணீர்தான் தடவுவார். எஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்று தெருவுக்கே பாடம் எடுப்பார். அதிலும் பிழையில்லை. மனிதருக்குத் தெரியாதது ஏதுமில்லை, ஒன்றைத் தவிர: நெல் உரிக்கும் ரப்பர், புஷ் ரப்பரைவிட எவ்வளவோ கடினம்.

ஆராதனை சமயத்தில் நாலு பேரைத் திருவையாற்றுக்கு ஏற்றிப் போவார். தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஆற்றுக்கொரு பாலம், ஏறும்போது ஒரு தூக்கல், இறங்கும்போது ஒரு தூக்கல். பின்சீட்டில் பஞ்சரத்ன கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர் குரலில் தியாகராஜர் நினைத்தே பார்க்காத கமகமெல்லாம் விழும்.

"பாத்தீங்களா, புஷ் அசையவே இல்ல!"

உண்மைதான். புஷ் மட்டும்தான் அசையவில்லை. அசைந்து, நசுங்கி, தான் தேய்ந்து மற்ற இரும்பைக் காப்பாற்றத்தான் அந்த மெத்து ரப்பரை அங்கே வைத்தார்கள். இவருடைய புஷ் தேயாது. அதனால் முதலில் ஷேக்கிள் பின் தேய்ந்தது. அடுத்து, பாடியில் பிராக்கெட் பற்றவைத்த இடத்தில் கீறல் விட்டது. "அந்தக் காலத்து இரும்பு இப்ப ஏது?" என்கிறார். கீறல் விட்டது அந்தக் காலத்து இரும்பேதான்.

அடுத்து பாலியூரித்தேன் ஊற்றி வார்க்கப் போகிறாராம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த அச்சில் ஐம்பொன் வார்ப்பதை நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நடராஜரே வரும்போது புஷ் வராதா என்பது கேள்வி.

வரும். அவரைப் பார்த்தால் திண்ணையில் உட்காருங்கள், காபி நன்றாக இருக்கும். "வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றால் மட்டும் எழுந்துவிடுங்கள். திருவையாற்றுக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.