யார் வீட்டுப் பணம்?

கேள்வி: கிராமத்து இணையத்துக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்? தனியார் நிறுவனங்கள் போதாதா?

பதில்: லாபம் குடியிருக்கும் தெருவுக்கு அவர்கள் கூப்பிடாமலே வருவார்கள். மலையடிவாரத்து நாற்பது வீட்டுக்கு யார் குழி தோண்டுவார்? 2011இல் ஒப்புதல் பெற்று, பிறகு ‘பாரத்நெட்’ ஆன, ஊராட்சிகளுக்கு இணையக் கேபிள் கொண்டுசெல்லும் திட்டத்துக்கான பணம், தொலைபேசி நிறுவனங்கள் வருவாயில் 5 சதவீதம் செலுத்தும் நிதியிலிருந்து வருகிறது. அந்த வருவாயில் கிராமத்தார் செய்யும் ரீசார்ஜும் சேர்த்தி. ஆகவே இது தானமல்ல, அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி! என் கவலையெல்லாம், கேபிள் ஊராட்சி அலுவலக வாசலோடு நின்றுவிடக் கூடாதே என்பதுதான். பள்ளிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வீடுகளுக்கும் போகிற கடைசி அரை கிலோமீட்டருக்குப் பணம் ஒதுக்குங்கள். பொக்லைன் அறுத்துவிட்டால் மறுநாளே ஒட்டித்தர ஓர் ஆளுக்குச் சம்பளமும் ஒதுக்குங்கள்.