ஆரஞ்சு அட்டைக்காரர்

வெயில் பளீரென்று அடிக்கும்போது ஒருவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றால் அவர் பைத்தியமில்லை, இங்கிலாந்துக்காரர். அந்தக் கோட்டின்மேல், பிளாஸ்டிக் உறைக்குள் ஆரஞ்சு அட்டை போட்ட வரைபடம் ஒன்று கழுத்திலிருந்து தொங்கினால் உடனே எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். அவர் உங்களை நடக்கக் கூப்பிடப் போகிறார்.

வயது அறுபதுக்கு மேல், கையில் ஊன்றுகோல், பையில் டீ பிளாஸ்க். இந்த இனம் இங்கிலாந்தின் எல்லாச் சந்தை ஊர்களிலும் உண்டு. எனக்கு வாய்த்தவர் வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள லட்லோவில் இருந்தார். கோட்டை வாசலிலேயே சந்தைத் திடல். அங்கே பாலாடைக்கட்டியை முகர்ந்துகொண்டிருந்தபோது பிடிபட்டேன்.

"கோட்டையைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

"அதுவா? 900 வருஷத்துக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது. எங்கே போய்விடப் போகிறது? மழைக்கு முன்னால் கிளம்புவோம்."

அந்தக் கோட்டையில்தான் 1502இல் இளவரசர் ஆர்தர் கல்யாணமான ஐந்தாம் மாதமே இறந்துபோனார். பட்டம் தம்பிக்குப் போனது. அண்ணியும் தம்பிக்கே மனைவியானார். அந்தத் தம்பிதான் எட்டாம் ஹென்றி. பிறகு அந்தக் கல்யாணத்தை ரத்து செய்வதற்காக ரோமோடு உறவையே அறுத்துக்கொண்டார். ஒரு நாட்டின் மதமே மாறக் காரணமான சாவு விழுந்த வீடு! நம்மவர் அதைத் தாண்டிக்கொண்டே ஷூ கயிற்றை இறுக்கினார்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் மட்டும் நின்றார். அங்கே பாடகர் இருக்கைகளின் மடக்குப் பலகைக்கு அடியில் பழங்காலத் தச்சன் ஒருவன் ஒரு காட்சி செதுக்கியிருக்கிறான். ஏல் என்ற பீரை விற்ற ஒருத்தி அளவு குறைத்து ஊற்றினாளாம். பிசாசு அவளைத் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. "அளவில் கைவைத்தால் இதுதான் கதி" என்று பூரித்துப்போனார். அப்புறம் சொன்னார்: "இரண்டே மைல். ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்."

அவர் கழுத்தில் தொங்குவது ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம். பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்துவிடுவானோ என்ற பயத்தில் 1791இல் தொடங்கிய வேலை. ஒரு கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் என்று வேலி, வாய்க்கால் எல்லாம் அதில் இருக்கிறது. தேவாலயத்துக்குக் கோபுரம் மொட்டையா கூர்மையா என்பதுகூட இருக்கிறது. பொய்யே சொல்லாத காகிதத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இவர் பேசும் பாஷைக்குத்தான் தனி அகராதி வேண்டும்.

"சின்ன மேடு" என்றால் டின்ஹம் பாலம் தாண்டி விட்கிளிஃப்மீது மூச்சுவாங்க ஏறுவது. "கொஞ்சம் ஈரம்" என்றால் ஒரு கால் ஷூவைச் சேறு வைத்துக்கொள்வது. "தூறல்" என்றால் டீம் ஆற்றுக்கு மேலேயும் ஒரு ஆறு ஓடுவது. "அந்தத் திருப்பத்துக்கு அப்பால்" என்றால் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு திருப்பம்.

மேட்டுக்கு மேல் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கீழே கோட்டை, தேவாலயக் கோபுரம், பின்னால் டிட்டர்ஸ்டோன் கிளீ மலை. காலை வலித்தாலும் கண் குளிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரும் பார்த்தார், வரைபடத்தை. எல்லாம் அச்சடித்த இடத்தில் இருப்பதில் அவருக்குப் பரம திருப்தி.

பொதுப்பாதை என்று காகிதத்தில் பச்சைப் புள்ளிக்கோடு இருந்தால் போதும், அடுத்தவர் வயலானாலும் கோழிக்கூட்டு வாசலானாலும் தலை நிமிர்ந்து போவார். ஒரு வயலில் வெள்ளை மூஞ்சிக் காளை ஒன்று எங்களையே பார்த்தது. நான் நின்றுவிட்டேன்.

"பயப்படாதீர்கள். பால் இனக் காளை வளர்ந்துவிட்டால் பொதுப்பாதை உள்ள வயலில் விட முடியாது. அது சட்டம். இது ஹியர்ஃபோர்ட், கறி இனம். கூடவே பசுக்களும் இருக்கின்றன. ஆகவே சட்டப்படி தாராளமாக நிற்கலாம்."

"அதற்குச் சட்டம் தெரியுமா?"

பதில் இல்லை. நடை மட்டும் கொஞ்சம் வேகமானது.

இருட்டும் நேரத்தில் ஊர் திரும்பினோம். என் போன் பத்தரை மைல் காட்டியது. இரண்டு மைல் சங்கதியை நினைவூட்டினேன். "காக்கை பறந்தால் அவ்வளவுதான்" என்றார்.

பப்பில் உட்கார்ந்தோம். ஏல் வந்தது. கண்ணாடிக் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, நுரைக்குக் கீழே உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. கல்லாவில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, மிக மிக மரியாதையாகச் சொன்னார்:

"மன்னிக்கவும், அளவு ஒரு விரற்கடை குறைகிறதே!"