மழைநாளிலும் வேலை உண்டு

மலேசியாவின் தகவல் தொழில்நுட்ப நகரமான சைபர்ஜெயா டெங்கில் முக்கிமில்தான் முளைத்தது. 1997-இல் அன்றைய பிரதமர் மகாதீர் திறந்துவைத்தார். பக்கத்துப் பிராங் பெசார் ரப்பர் தோட்டம் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவானது. மரம் சீவியவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு புது உத்தியோகம் சொல்லப்பட்டது: வெப் டிசைனர். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. இதில் அந்தத் தொல்லையே இல்லை. அப்பாக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் கடன் வாங்கி, எழுத்துகள் பறந்து வந்து உட்காரும் ஃபிளாஷ் வித்தையைப் படித்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அடோபி ஃபிளாஷைக் கைகழுவியது. பிடிபிடிஎன் யாரையும் அப்படிக் கைகழுவியதில்லை. மாதா மாதம் நினைவூட்டும் பாசம் அதற்கு.

இப்போது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கற்றுத் தேறினால் முதல் வாடிக்கையாளர் உணவகக்காரர்.

"வெப்சைட் எவ்ளோ தம்பி?"

"ரெண்டாயிரம் வெள்ளிண்ணே."

"அவ்ளோவா? எங்கக்கா மகன் ஃபார்ம் ஃபோர்தான் படிக்கிறான், போன்லயே செஞ்சிட்டான்லா. முருகன் படம் மட்டும் சுத்த மாட்டேங்குது. அத மட்டும் பாத்துக் குடு. தே தாரேக் நம்ம கணக்கு."