அலையும் மனசுக்கு அளவுகோல்

கேள்வி: மனம் அலைபாய்வதை அளக்க முடியுமா? (வாசகர், வில்லியனூர்)

பதில்: முடியும், வினாத்தாள் போதும். அலைச்சலில் இரண்டு வகை. திருக்காமீசுவரர் சன்னதியில் கைகூப்பி நிற்கும்போதே வெளியே விட்ட செருப்பிடம் மனம் ஓடினால், அது தானாக நழுவும் வகை. பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து, மீன்பிடிப்பதை மறந்து வேண்டுமென்றே மகள் கல்யாணக் கணக்குப் போட்டால், அது தெரிந்தே அனுப்பும் வகை. 2013-இல் காரியர், செலி, ஸ்மிலெக் என்ற ஆய்வாளர்கள் இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் தந்தனர்: வகைக்கு 4 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 7 படிநிலைகள். ஜப்பானிய மொழிக்கும் இது போயிருக்கிறது. மொழிபெயர்ப்பில்தான் வம்பு. தமிழில் 'கவனம் சிதறியது' என்றால் குறை. 'யோசனையில் மூழ்கினார்' என்றால் பாதிப் பாராட்டு. சொல் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். வினாத்தாளை நிரப்பும்போதே மனம் அலைந்தால், அதற்குக் கட்டம் இல்லை.