'என் லேப்டாப்புல ஓடுச்சே': இறுதியாண்டு வழக்கில் ஏகாரம்

ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் 5 பொருள் சொன்னார். பிற்பாடு வந்த நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து அதை 6 ஆக்கினார். அதோடு கணக்கு முடிந்தது என்று தமிழாசிரியர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிம்மதியாக இருக்கிறார்கள். ஏழாவது பொருள் ஒன்று உண்டு. அது பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில், ப்ராஜெக்ட் வைவா அன்று, காலை பதினொன்றரை மணி வாக்கில் பிறக்கிறது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொடர் ஒன்றே ஒன்று: "என் லேப்டாப்புல ஓடுச்சே மேம்."

தரவு திரட்டிய காலம் எட்டாவது செமஸ்டர். தகவலாளி, இக்கட்டுரையாளனே. எங்கள் டீமில் நான்கு பேர். கோட் அடித்தவன் நான். ரிப்போர்ட்டை டைம்ஸ் நியூ ரோமனில் தட்டி, ஒன்றரை வரி இடைவெளி விட்டு, 80 பக்கம் தேற்றியவள் ஒருத்தி. பைண்டிங் கடையில் தவம் கிடந்தவன் ஒருவன். நான்காமவன் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான். எக்ஸ்டர்னல் மேம் "குட்" என்று சொன்னது அவனைப் பார்த்துத்தான். ப்ராஜெக்ட், ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு டோக்கன் போடும் வெப்சைட்.

தொடருக்கு வட்டார வேறுபாடு உண்டு. கோயம்புத்தூர்க்காரன் "ஓடுச்சுங்களே மேம்" என்று மரியாதையையும் உள்ளே செருகிவிடுவான். திருநெல்வேலி நண்பனுக்கு அது "ஓடிச்சுல்லா". சர்வர் ஊர் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே 500தான்; அதாவது, உள்ளே ஏதோ கோளாறு, என்னவென்று என்னைக் கேட்காதே.

இனி ஏகாரத்தைப் பிரித்து மேய்வோம். திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கிய முதல் ஐந்து விநாடி இது தேற்றம்: ஓடியது உறுதி, என் கண்ணால் பார்த்தேன். அடுத்த ஐந்து விநாடி வினா, கேட்கப்படுவது லேப்டாப். பிறகு எண்ணேகாரம் வரும். "நேத்து நைட்டு ஓடுச்சே, காலையில ஓடுச்சே, பஸ்ல வரும்போதுகூட ஓடுச்சே" என்று நிலமே நீரே தீயே போல வரிசையாக அடுக்கிக்கொண்டு போகும். பிரிநிலை என்று வாதிடுவோரும் உண்டு. உலகத்து லேப்டாப்புகளிலிருந்து என்னுடையதைப் பிரித்துக் காட்டுகிறதாம். ஏற்பதற்கில்லை. பிரிநிலை என்றால் ஏகாரம் லேப்டாப்மேல் அல்லவா உட்கார வேண்டும்? இங்கே வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இசைநிறை என்பதற்கு இடமுண்டு. பக்கம் லோட் ஆகும்வரை அந்த அமைதியை எதையாவது போட்டு நிரப்பத்தானே வேண்டும்? மேம் என்னவோ இதை ஈற்றசையாகவே கொண்டார். பொருளும் இல்லை, மார்க்கும் இல்லை.

அப்படியானால் ஓடியது பொய்யா? சத்தியமாக ஓடியது. ஓடாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு, எல்லாமே இலக்கணக் காரணங்கள். லோகோ படத்தின் பெயரில் முதல் எழுத்தை நான் பெரிய எழுத்தில் வைத்திருந்தேன். கோடில் கூப்பிட்டதோ சின்ன எழுத்தில். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ரகர றகரம் பார்க்காமல் கடிதம் படித்துவிடும் சித்தப்பா மாதிரி. லினக்ஸ் சர்வர் பழைய தமிழ் ஐயா. கறி என்று எழுத வேண்டிய இடத்தில் கரி என்று எழுதினால், அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று 404 போட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொன்று லோக்கல்ஹோஸ்ட். 127.0.0.1 என்பது இதன் எண். 127இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் 'இந்த மெஷினே' என்று சொல்வதற்காக மட்டும் ஒதுக்கப்பட்டவை. தன்னைத்தானே சுட்டிக்கொள்ள ஒன்றரைக் கோடிக்கு மேல் பெயர் வைத்துக்கொண்டதை அரசியல் கட்சிகளில்கூடக் காண முடியாது. ஐபி ஆறாம் பதிப்பில் திருந்தி, ஒன்றே ஒன்று போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். (என் போர்ட் எண் 5173. வீட் என்ற கருவியின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்து ரோமானிய ஐந்து. மற்ற மூன்றும் பார்க்க 1, 7, 3 போல இருக்கும். மேளகர்த்தா ராகங்களின் எண்ணைப் பெயரிலேயே ஒளித்து வைக்கும் கடபயாதிக்கு ஒன்றுவிட்ட தம்பி.)

லோக்கல்ஹோஸ்ட் ஓர் அண்மைச்சுட்டு. 'இங்கே' என்று யார் சொல்கிறாரோ அவர் நிற்கும் இடம்தான் இங்கே. இது உறைக்காத நாளில், மதுரையில் இருக்கும் மாமாவுக்கு அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். "ஒண்ணும் வரலையே மாப்ள" என்றார். அவருடைய போன் என் வெப்சைட்டைத் தனக்குள்ளேயே தேடியிருக்கிறது. நான் அரியர் வைத்திருக்கிறேன் என்று மாமா அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறார்.

மூன்றாவது, சர்வரின் தூக்கம். இலவச இடம், கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் படுத்துவிடும், எழுப்ப ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தில் கைடு சார் மின்விசிறியைப் பார்த்தார். லேப் அண்ணா எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மறுபடி சொருகினார். அயர்ன் சட்டைக்காரன் "நெட் ஸ்லோ மேம்" என்றான். நான்கு வருடத்தில் அவன் செய்த ஒரே டீபக்கிங். பக்கம் வந்தது. லோகோ இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த படம் ஒன்று.

"என் லேப்டாப்புல ஓடுச்சே மேம்."

தேற்றமில்லை, வினாவில்லை, எண்ணவும் ஒன்றும் மிச்சமில்லை. காத்தவன் மாண்டபின் புலவன் பாடுவது கையறுநிலை. ஓடியது நின்றபின் வாயில் வருவதைக் கையறு ஏகாரம் என்று பெயரிட்டு, ஏழாவதாகச் சேர்க்கலாம்.

மேம் ரிப்போர்ட்டைப் புரட்டினார். 62ஆம் பக்கத்து ஸ்கிரீன்ஷாட்டில் லோகோ பளிச்சென்று இருந்தது. "புக்ல வருதே" என்றார். ஐயமற்ற தேற்றம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே லேப் அண்ணா கதவருகே வந்து தலையாட்ட, மேம் பேனாவை மூடினார்.

"சாப்பாடு வந்துருச்சே!"

அடுத்த டீமின் லேப்டாப்பில் அந்த நேரம் எல்லாம் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.